நிறுத்தி நிறுத்திப் பார்த்த பாடம்

எனக்குக் கல்லூரியில் கொடுத்திருந்த பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். அதில் கௌரவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பல வருடங்களாகத் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் முதல்வர் அறை வாசலில் போய் நின்று, “இந்த வருஷமும் உண்டுங்களா சார்?” என்று கேட்க வேண்டும். அவர் தலையாட்டினால் உண்டு. இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நான் பி.காம். பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறவள். வேறு பாடம் எனக்குக் கிடையாது. அந்த ஒரு பாடம் கால அட்டவணையில் இருக்கிறவரைதான் நானும் அந்தக் கல்லூரியில் இருப்பேன்.

அந்த வருட ஜூனிலும் போய் நின்றேன். முதல்வர் உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்லிச் சொன்னது எதுவும் இதுவரை நல்ல சேதியாக இருந்ததில்லை.

“மேடம், இந்த செமஸ்டர் உங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரை ஆன்லைன் கோர்ஸா மாத்திட்டோம். பெரிய இன்ஸ்டிட்யூட் புரொபசர் நடத்துறார். நாடு பூரா பிள்ளைங்க அதைத்தான் பாக்குறாங்க. அதுல வாங்குற கிரெடிட் அப்படியே நம்ம மார்க் ஷீட்ல ஏறிடும்.”

“அப்ப நான் சார்?”

“நீங்க கூட இருங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கணும், கலாட்டா பண்ணாம பாத்துக்கணும். இது ஒரு ட்ரயல்தான். ரிசல்ட் நல்லா வந்தா அடுத்த வருஷத்துலேர்ந்து இந்தப் பேப்பரே ஆன்லைன்தான். வரலைன்னா பழையபடி நீங்களே நடத்துங்க.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு உறைத்தது. பிள்ளைகள் தேறினால் என் வேலை போகும். பிள்ளைகள் தோற்றால் என் வேலை நிலைக்கும். ஒரு வாத்தியாரை இதைவிடக் கேவலமான நாற்காலியில் யாராலும் உட்கார வைக்க முடியாது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் பகல் முழுக்க நகராமல் கிடந்துவிட்டு வந்தவர், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“இதுல இன்னாமே கீது? அவன் டிவிப் பொட்டிய வச்சி பாடம் நடத்துறான். நீ கம்முனு குந்திக்க. பசங்க புட்டுக்கிச்சின்னா உன்னத்தான் கூப்புடுவான். உன் பொயப்ப நீ பாரு.”

“பசங்க கதி?”

“அத பெத்தவன் பாத்துக்குவான்.”

சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்ததால் வந்த கோபம்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என்று ஓர் அறை. பாதிக் கம்ப்யூட்டர் உயிரோடு இல்லை. அதனால் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டி, வகுப்பு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து வீடியோ பார்ப்பது, வாராவாரம் வரும் கேள்விகளுக்கு அவரவர் போனில் பதில் போடுவது என்று ஏற்பாடு. நான் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். திரையில் வெள்ளைச் சட்டை போட்ட புரொபசர் வந்தார். நல்ல இங்கிலீஷ். அவசரமே இல்லை. யார் மேலேயும் கோபம் இல்லை. கோபம் வர அவருக்கு எதிரில் யாரும் இல்லை என்று மனசுக்குள் பொருமினேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, மனிதர் அற்புதமாக நடத்தினார். நான் படிக்கிற காலத்தில் எனக்கு இப்படி ஒருவர் சொல்லித் தந்திருந்தால் எத்தனையோ ராத்திரிகள் அழாமல் தூங்கியிருப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவர் சொன்ன இரண்டு விஷயங்களைப் பாடப்புத்தக ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், வகுப்பு சத்தமே இல்லாமல் இருந்தது. புரிந்ததால் வந்த அமைதி இல்லை அது. எனக்கு இந்த அமைதி நன்றாகத் தெரியும். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் எங்கள் பக்கத்து ஜனம் இப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் புரிந்த மாதிரி நிற்கும், வெளியே வந்து “இன்னா சொன்னாரு அவரு?” என்று பக்கத்து ஆளைக் கேட்கும்.

வகுப்பில் எர்ணாவூர் வாரியக் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பெண் உண்டு. வகுப்புக்குத் தலைவி மாதிரி. யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை, குரல் பெரிது என்பதால் தானாக ஆகிவிட்டாள். இரண்டாவது வாரம் அவள் ஸ்டூல் பக்கம் வந்து நின்றாள்.

“மிஸ், அந்த சார்ட்ட டவுட்டு கேக்கலாம்னு போட்டிருந்துச்சி, டைப் பண்ணி கேட்டேன். ரொம்ப நாள் கயிச்சி பதில் வந்துச்சி.”

“என்ன பதில்?”

“அதே வீடியோவ இன்னொரு தபா பாக்கச் சொல்லிகீறாங்க. அத பாத்துட்டுத்தானே மிஸ் கேட்டேன்?”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அம்மா வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றபடியே துணி மடிக்கிறவள். அந்த வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள்தான். இந்தப் பாடம் போனால் அடுத்த வருடமும் இவள் எழுத வேண்டும், அதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடும். வரும் என்று அவளே சொன்னாள். டிவியில் புரொபசர், “இங்கே வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்” என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து போய் நிறுத்தினேன். அவரே சொன்ன பிறகு எனக்கென்ன?

அப்படித்தான் தொடங்கியது. அவர் ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு விமானத் தாமதத்தை உதாரணம் சொன்னார். எங்கள் வகுப்பில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள்தான் உண்டு. நான் ஷேர் ஆட்டோவுக்கு வந்தேன்.

“ரெண்டு ஸ்டாண்ட் இருக்கு. ரெண்டுலயும் சராசரியா ஒரே நேரம்தான் காத்திருக்கணும். ஆனா ஒண்ணுல தினமும் சொல்லிவச்ச மாதிரி வண்டி வரும். இன்னொண்ணுல ஒருநாள் போன உடனே வரும், ஒருநாள் வெயில்ல நின்னு கால் கடுக்கும். எதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவீங்க?”

“மொதல் ஸ்டாண்டுதான் மிஸ். ரெண்டாவது ஒரே பேஜாரு.”

“அந்தப் பேஜார் எவ்வளவுன்னு அளக்கிறதுக்குப் பேர்தான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன்.”

வகுப்பு கலகலத்தது. மறுபடி வீடியோவை ஓட விட்டேன். இப்போது புரொபசர் சொன்னது அவர்கள் காதில் ஏறியது. அதுதான் எனக்கே ஆச்சரியம். அவர் இல்லாமல் நான் மட்டும் நடத்தியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது, நான் இல்லாமல் அவர் மட்டும் நடத்தினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வகுப்பில் ஒரு பெண்ணுக்கு நடுவில் பிரசவம். அவள் ராயபுரத்தில் அம்மா வீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே எல்லா வீடியோவையும் போனில் பார்த்தாள். சந்தேகம் வந்தால் எனக்குக் கூப்பிடுவாள். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அவள் படிப்பு அதோடு நின்றிருக்கும். அந்தத் திரையைத் திட்ட வரும்போதெல்லாம் இவள் ஞாபகம் வந்து என் வாயை அடைத்துவிடும்.

ஒருநாள் முதல்வர் அந்தப் பக்கம் வந்தார். டிவியில் புரொபசர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். நான் சாக்பீசும் கையுமாகப் போர்டில் நின்றேன். பிள்ளைகள் முன்னாலேயே கடிந்துகொண்டார்.

“மேடம், உங்களுக்கு என்ன வேலை கொடுத்திருக்கு? நீங்க நடத்தினா அப்புறம் இது என்ன ட்ரயல்? இன்னொரு வாட்டி பாத்தேன்னா மேல எழுத வேண்டியிருக்கும், சொல்லிட்டேன்.”

எனக்கு முகம் எரிந்தது. அவர் போனதும் எர்ணாவூர்ப் பெண் எழுந்து, பேசாமல் ஒருத்தனைக் கதவருகில் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் அவன் இருமுவான், யாராவது வீடியோவைத் தட்டிவிடுவார்கள், நான் ஸ்டூலுக்கு ஓடுவேன். இந்த வயதில் அந்த ஓட்டம். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

“உனுக்கு பைத்தியம்மே” என்றார் என் கணவர். “உன் சோத்துல நீயே மண்ண அள்ளிப் போட்டுகினு கீற.”

“தெரியும்” என்றேன்.

தெரிந்துதான் செய்தேன். ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு நப்பாசை இருந்தது. இவர்கள் எல்லோரும் நன்றாக எழுதினால் யாராவது ஒருவர் கேட்பார், மற்ற கல்லூரியில் எல்லாம் விழுந்தபோது இங்கே மட்டும் எப்படி என்று. அப்போது நான் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு கேள்விக்காகத் தொண்டை வறளக் கத்தினேன்.

பரீட்சை மையம் நகரத்தின் மறுகோடியில் போட்டிருந்தார்கள். காலையில் எல்லோரும் சேர்ந்து ரயிலேறிப் போனார்கள். கைக்குழந்தைக்காரியின் குழந்தையை அவள் அம்மா மையத்து வாசலில் மரத்தடியில் வைத்துக்கொண்டிருந்தாளாம். ரிசல்ட் வந்தது. ஒன்றிரண்டு பேர் தவிர அத்தனை பேரும் தேறிவிட்டார்கள். எர்ணாவூர்ப் பெண் லேப் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன். குதித்து முடித்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் என் வேலை ஞாபகம் வந்தது.

அப்புறம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்தது. ஆன்லைன் பாடம் எப்படி நடந்தது என்று பார்த்து அறிக்கை எழுதும் குழு. அவர்கள் வருகிற செய்தி அட்டெண்டர் மூலம் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது. மிஸ் வேலையைப் பற்றி விசாரிக்க மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று.

எர்ணாவூர்க் குடியிருப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கையில் ஃபைலோடு யாராவது உள்ளே நுழைந்தால் மொத்த பிளாக்குக்கும் ஒரே வாய்தான். கரண்ட் ஆபீஸ் ஆளாகட்டும், போலீசாகட்டும், கணக்கெடுக்க வந்தவனாகட்டும். எல்லாம் நல்லாத்தான் கீது சார், அப்படி யாரும் இங்க இல்ல சார், நாங்க பாக்கல சார். நம் ஆளை நாம் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். தண்டையார்பேட்டையில் என் தெருவும் அப்படித்தான். நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

லேபில் கூட்டம். குழுவுக்குத் தலைவியாக வந்த அம்மாள் நல்ல மாதிரி, சிரித்த முகம். பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார்.

“உண்மையைச் சொல்லணும்னா எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இங்கிலீஷ் வீடியோ, தானாப் படிக்கணும். பெரிய பெரிய காலேஜ்லயே பாதிப் பேர் பாதியில விட்டுட்டாங்க. இந்த ஏரியா பிள்ளைங்களுக்கு ஒத்துவருமான்னு நினைச்சோம். எப்படி இருந்தது கோர்ஸ்?”

நான் காத்திருந்த கேள்வி. எர்ணாவூர்ப் பெண் எழுந்தாள்.

“இன்னா மேடம் அப்படி சொல்லிட்டீங்க? சூப்பரா கீது கோர்ஸு. அந்த சார் சொன்னது ஒவ்வொண்ணும் புரிஞ்சிது.”

“யாரும் உதவி பண்ணலையா?”

“எதுக்கு மேடம்? வீடியோ ஓடும், நாங்க பாட்டுக்கு பாத்துகினு இருப்போம்.”

பின்னால் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கைக்குழந்தைக்காரிகூடச் சொன்னாள்.

“மேடம், நான்...” என்று எழுந்துவிட்டேன்.

தலைவி திரும்பினார். “நீங்க?”

“அவங்க சூப்பர்வைசர்” என்றார் முதல்வர். “அட்டெண்டன்ஸ் பாத்துக்கறாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் எர்ணாவூர்ப் பெண் முந்திக்கொண்டாள். நான் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவளுக்குப் பதற்றம். “மிஸ் எங்களுக்கு ஒண்ணுமே சொல்லித் தந்ததில்ல மேடம். பின்னால ஸ்டூல்ல சும்மாதான் குந்தினு இருப்பாங்க. நீங்க யார வோணா கேளுங்க.”

“குட். அப்படித்தான் இருக்கணும்” என்று தலைவி எழுதிக்கொண்டார்.

அந்த இடத்தில் ஒரு வரி சொன்னால் போதும். இவங்களுக்கு வீடியோ புரியலை, நான்தான் புரிய வைத்தேன். ஆனால் அந்த வரி எந்த வரிக்குப் பக்கத்தில் போய் உட்காரும்? இந்த ஏரியா பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று அந்த அம்மாள் கேட்டாரே, அதற்குப் பக்கத்தில். ஒத்துவராது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். நான் எம்.எஸ்சி. படிக்கப் போனபோது என் தெருப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு என் பிள்ளைகளை நான் பிடித்துக் கொடுப்பதா? மேலும் அந்தப் பெண் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள். பயப்படாதீங்க மிஸ், நாங்க இருக்கோம் என்று அர்த்தம். உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“எனக்குத் தெரியாதா மேடம்? உங்க குரல் என் ரூம் வரைக்கும் கேக்கும். அந்த ஒரு நாள் அதட்டினதோட நான் விட்டுட்டேன்ல?”

“அப்ப நேத்து சொல்லியிருக்கலாமே சார்.”

“சொன்னா என்ன ஆகும்? பிள்ளைங்க, வந்த குழு முன்னால பொய் சொன்னதா ஆகும். கிரெடிட்டை நிறுத்தி வச்சு விசாரிப்பாங்க. அது உங்களுக்குச் சம்மதமா?”

சம்மதமில்லை. அது அவருக்கும் தெரியும். “வேற ஏதாவது வேலை சார். லைப்ரரியில புக்கு அடுக்கறதுக்காவது” என்று கேட்டேன். மாஸ்டர்ஸ் படித்தவள், அப்படிக் கெஞ்சினேன். கெஞ்சும்போதே என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பாவம், அவரும்தான் என்ன செய்வார் என்று நினைக்க முயன்றேன். முடியவில்லை. வயிறு எரிந்தது.

மே மாதம், அனுபவச் சான்றிதழ் வாங்க ஒருநாள் போனேன். அட்மிஷன் கூட்டம். வெயில் தீயாக அடித்தது, காற்றில் மணலிப் பக்கத்து ஆலை நாற்றம். வரிசையில் எர்ணாவூர்ப் பெண் நின்றாள், பக்கத்தில் பள்ளிச் சீருடையை இன்னும் விடாத ஒரு தங்கை.

“மிஸ்! இது என் தங்கச்சி. ப்ளஸ் டூ பாஸ் பண்ணிட்சி. அம்மாக்கு இது வேலைக்குப் போனா தேவலன்னு கீது. நான்தான் சண்ட போட்டு இட்டாந்தேன். மிஸ் கீறாங்க, ஒண்ணும் தெரியலன்னாலும் பாஸ் பண்ண வச்சிருவாங்கன்னு சொல்லி. உங்கள நம்பித்தான் மிஸ் சேக்கறோம்.”

தங்கை என்னைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தாள். இந்தச் சிரிப்பை ஏமாற்ற எனக்குத் தெம்பில்லை.

“நான் இருக்கமாட்டேன்மா. இந்தப் பேப்பர் இனிமே ஆன்லைன்தான். என்னை வேணாம்னுட்டாங்க.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் கோபம் வந்தது. “யாரு வேணான்னது? அந்த பிரின்சிபாலா? இருங்க மிஸ், நான் போய் கேக்கறேன்” என்று வரிசையை விட்டுக் கிளம்பினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அவர் இல்ல. குழு எழுதின ரிப்போர்ட்டு. டீச்சர் இல்லாமலே பிள்ளைங்க படிச்சிக்கிறாங்கன்னு எழுதியிருக்கு.”

அவள் அப்படியே நின்றாள். அந்த முகத்தில் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் திரும்பிப் போயிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. தங்கை அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வரிசை நகர்ந்தது, பின்னாலிருந்தவர்கள் முன்னே போகச் சொன்னார்கள், அவள் நகரவில்லை.

“நாங்க ஒருத்தர்கூட உங்கள காட்டிக் குடுக்கலியே மிஸ்” என்றாள்.